கேப்டன் வண்டியின் வயரிங்

வண்டிக்குக் கூடுதல் விளக்கு பூட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. கையில் கொஞ்சம் பொறுமையும் தலையில் கொஞ்சம் மூளையும் இருந்தால் போதும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவதுதான் அபூர்வம். வருஷக்கணக்காக வண்டி எலெக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். காட்டிலும் மேட்டிலும் ஓட்டுகிற வண்டி என்று பெருமையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சக்கரத்தில் சேறு ஒட்டினால் துடைக்கப் பின்சீட்டில் துணியும் வைத்திருப்பார்கள். கூரைக்கு லைட் பார் என்று நீளமாக ஒரு விளக்கு வரிசை, பம்பருக்கு ஒரு ஜோடி, பக்கவாட்டுக்கு இரண்டு, பின்னால் ஒன்று என்று கேட்பார்கள். இவர்கள் இருட்டை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சொன்னவர்கள் இப்போது இருந்தால், குடையை எடுத்துவிட்டு லைட் பார் என்று போட்டிருப்பார்கள்.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. வழக்கை முடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு நானாகத்தான் வந்தேன். உட்கார வைத்து டீ கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் மேஜை விளக்கின் வயர் பிளக் பக்கத்தில் உரிந்திருக்கிறது, யாரையாவது விட்டு மாற்றச் சொல்லுங்கள். இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு உடனே கண்ணில் பட்டுவிடும். அது ஒரு வியாதி என்று என் தங்கச்சி சொல்லுவாள்.

இறந்துபோனது அவள்தான். அவள் மேல் ஏறிய வண்டி அவள் புருஷனுடையது. நேரில் அவனை நான் ‘வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வேன். பெண் கொடுத்த இடத்தில் மரியாதை குறையக்கூடாது. இங்கே உண்மை பேச வந்திருப்பதால் ‘அவன்’ என்றே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குளியலறை டைல்ஸ் விற்கிற ஷோரூமில் அவன் மேனேஜர். நாள் முழுக்க ஏசியில் நின்றுகொண்டு, ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை வருகிறவர்களுக்கு விளக்குகிற உத்தியோகம். திடீரென்று ஒரு நாள் பழைய நாலுசக்கர இழுவை ஜீப் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். இதே பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள், அதிலும் சேர்ந்தான். அங்கே எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இவனுக்குக் ‘கேப்டன்’ என்று வைத்தார்கள். எந்தக் கப்பலுக்கு என்று நான் கேட்கவில்லை.

லீவு நாளானால் இவர்கள் எல்லோரும் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போவார்கள். அங்கே கீழே இறங்குகிற சரிவு ஒன்று இருக்கிறது, நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இடத்தில் இவர்களுக்கு ஒரு வழக்கம். வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி முன்னால் நடப்பார். சக்கரம் எந்தக் கல்லில் ஏறவேண்டும், எதில் ஏறக்கூடாது என்று கையால் காட்டிக்கொண்டே போவார். ஓட்டுகிறவன் அந்தக் கையைப் பார்த்து ஓட்டவேண்டும். மற்ற வண்டிகளில் இந்த வேலையைக் கூட வரும் சிநேகிதர்கள் செய்தார்கள். கேப்டன் வண்டிக்கு என் தங்கச்சி செய்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னாள். கட்டினவனுக்குப் பிடித்தது எல்லாம் தனக்கும் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற சுபாவம் அவளுக்கு.

முதலில் விளக்குகளை அவனேதான் பூட்டினான். வீடியோ பார்த்து வயரிங். வீடியோ பார்த்துப் பிரசவம் பார்க்காததுதான் பாக்கி. எல்லா விளக்கையும் ஒரே சுவிட்சில் கோத்து, சுவிட்ச் மேல் பாரம் விழாமல் தாங்குகிற ரிலே கூட நடுவில் வைக்காமல், நேரே பேட்டரியில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தான். சுவிட்சைத் தொட்டால் விரல் சுட்டது. தங்கச்சி எனக்குப் போன் போட்டாள். வண்டியில் ஏறினாலே ஏதோ கருகுகிற வாடை வருகிறது, கொஞ்சம் பார்த்துக்கொடு அண்ணா என்றாள். தான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் தற்செயலாக வந்த மாதிரி வந்து, தற்செயலாகப் பேனட்டைத் திறந்து பார்த்த மாதிரி பார்த்தேன். அப்பா போன பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் நான். இந்த மாதிரி நாடகமெல்லாம் எனக்குப் புதிதல்ல.

அவன் செய்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். டேஷ்போர்டில் ஆறு சுவிட்சுக்கு ஒரு பலகை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரிலே. ஆற்றில் இறங்குகிற வண்டி என்பதால், தண்ணீர் படாமல் இருக்க, ரிலேக்களை டேஷ்போர்டுக்கு அடியில் வைத்தேன். பேட்டரியிலிருந்து அவற்றுக்கு ஒரே ஒரு தடித்த வயர். அதற்குப் பேட்டரி பக்கத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸ். ஃபியூஸ் என்பது விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்று பல பேர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றுவதற்கு. எங்கேயாவது மின்சாரம் தப்பான வழியில் பாய்ந்தால், ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. அதில் உள்ள ஓட்டை வழியாகத்தான் வயர்கள் உள்ளே வரவேண்டும். அந்த ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வயர் அறுபடாமல் இருக்க அதில் ஒரு ரப்பர் வளையம் பொருத்தவேண்டும். பொருத்தினேன்.

வயர்களைக் கட்ட நான் டேப் சுற்றுவதில்லை. வெயிலில் டேப் இளகிப் பிசுபிசுத்துவிடும். மெழுகு தடவிய நூலால் சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். என் முதலாளியிடம் நான் கற்ற முறை அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. யாருக்கும் பொறுமை கிடையாது. பேனட்டைத் திறந்து பார்த்தாலே இது யார் கை என்று தொழில் தெரிந்தவன் சொல்லிவிடுவான். என் தங்கச்சிக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து உட்கார்ந்து அந்த முடிச்சைப் பார்த்து வளர்ந்தவள்தானே.

அப்புறம் அவர்கள் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. கிளப்பில் உள்ளவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைப் பார்த்துப் பழகின மனுஷன், வண்டியையும் வாயைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார். சாப்பிட்ட கையோடு பேனட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். அந்த நூல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“யாரு செஞ்சது இது? நல்ல தொழில்காரன் கையா இருக்கே.”

“எல்லாம் நானே செஞ்சதுதான் டாக்டர்,” என்றான் கேப்டன்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள், அந்தக் கதைதான். நான் தட்டும் கையுமாக ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவனைப் பற்றி எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நாய்க்கு வால் நிமிராது என்று தெரிந்தவன் நிமிரவில்லையே என்று வருத்தப்படுவானா. டாக்டர் நம்பாத மாதிரி தங்கச்சியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“ஆமா டாக்டர், அவரேதான் செஞ்சாரு. எங்கண்ணன் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாரு, அவ்வளவுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் அவள் கடைக்கே வந்துவிட்டாள். விடு அண்ணா, அவருக்கு நாலு பேர் முன்னால் ஒரு பெருமை, உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா, உனக்குத்தான் ஊரே தெரியுமே என்றாள். எனக்கு இது ஒரு விஷயமே இல்லை என்று நானும் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அந்தச் சிரிப்புக்கும் நான் செய்ததற்கும் முடிச்சுப் போட்டு நீங்கள் எதையும் எழுதிவிடக் கூடாது. அவ்வளவு சின்னப் புத்தி எனக்கு இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அவன் கூரையில் இருந்த லைட் பாரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பூட்டினான். ஷோரூம் பெயர்ப்பலகைக்குப் போடுகிற வெளிச்சம். என்னைக் கேட்கவில்லை. பாரம் கூடினால் ஃபியூஸ் போகத்தானே செய்யும். போனது. புதிதாகப் போட்டான், அதுவும் போனது. என்னிடம் வந்து, ஃபியூஸ் எல்லாம் போலியாக வருகிறது மச்சான் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. போலி இல்லை மாப்பிள்ளை, அந்த லைட்டுக்கு இந்த வயர் தாங்காது, வயரை மாற்றித் தருகிறேன், அதுவரைக்கும் அந்த ஃபியூஸில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான்.

பிறகு ஒரு நாள் வண்டியைக் கடையில் கொண்டுவந்து விட்டான். சுவிட்சுப் பலகையை டேஷ்போர்டிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே கூரையில் வைக்கவேண்டுமாம். விமானத்தில் அப்படித்தான் இருக்குமாம். கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறிவிட்டார் கேப்டன். சரி என்று வாங்கி நிறுத்தினேன். அவன் போன பிறகு பேனட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியை எடுத்தேன். உள்ளே ஃபியூஸ் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி மடித்துச் செருகியிருந்தான். அது எந்தக் காலத்திலும் எரிந்து அறுபடாது. அது அறுபடாது என்றால் மற்றது எல்லாம் எரியும்.

ஃபியூஸ் இல்லாத வண்டி என் கடையிலிருந்து வெளியே போனதே கிடையாது. அன்றைக்கு அந்த மூடியை அப்படியே மூடி வைத்தேன். அந்தக் கம்பி அவன் சொந்தச் சாமர்த்தியம். எல்லாம் நானே செய்தது என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு, அவனே செய்தது ஒன்றாவது வண்டியில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தவறு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

பலகையை மேலே ஏற்றுவதற்காக வயர்களைத் தகட்டு ஓட்டையிலிருந்து வெளியே இழுக்கவேண்டியிருந்தது. திரும்ப உள்ளே விடும்போது ரப்பர் வளையத்தைப் போடவில்லை. தடித்த வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டேன். எவ்வளவு தொங்கல் என்பதை யோசித்துத்தான் விட்டேன். வண்டி சமதரையில் ஓடினால் வயர் விளிம்பைத் தொடாது. மூக்கு கீழே பார்க்க, செங்குத்தான சரிவில் இறங்கினால் மட்டும் என்ஜின் முன்னால் சாயும், வயர் இழுபடும், விளிம்பில் உரசும், உறை அறுந்து மின்சாரம் தகட்டில் பாயும். சாலையில் நடந்தால் பின்னால் வருகிறவன், குறுக்கே போகிறவன் என்று சம்பந்தமில்லாதவர்களுக்கு ஆபத்து. அதெல்லாம் பார்க்காமல் செய்கிற ஆள் நான் இல்லை. அந்த வயரையும் மெழுகு நூலால் முடிச்சுப் போட்டுத்தான் கட்டினேன். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறை எனக்கு ஆகாது.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. புகை வரும், வண்டி நிற்கும், கிளப்பே கூடிநின்று பார்க்கும், டாக்டர் பேனட்டைத் திறந்து யாருடைய வேலை இது என்று மறுபடியும் கேட்பார். அப்போதும் நான்தான் என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா. மூத்தவன் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியாக வண்டியின் சொந்த வயர்களும் போகின்றன, அவையும் சேர்ந்து உருகினால் என்ஜின் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். என்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி, வழக்கம்போல மிதித்தால் பிடிக்காது என்பது தெரியுமா என்றால், அதுவும் தெரியும். தொழில்காரனிடம் இதெல்லாம் ஒரு கேள்வியா, ஐயா.

அன்று காலையில் குவாரியில் மூடுபனி. கேப்டனுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். ஆறு சுவிட்சையும் போட்டிருக்கிறான். சரிவின் பாதியில் உள்ளே புகை வந்தது, விளக்குகள் எல்லாம் அணைந்தன, என்ஜின் நின்றது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பிரேக்கை மிதித்திருந்தால் வண்டி நின்றிருக்கும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்குக்கூட அந்தப் புத்தி வந்திருக்கும். இவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குனிந்து, எரிகிற வயரை உள்ளங்கையால் அடித்து அணைக்கப் பார்த்தான். வண்டி அது பாட்டுக்கு இறங்கியது. முன்னால் என் தங்கச்சி கையைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் அந்தக் கட்டுப் போட்ட கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“மச்சான், நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கல. நான் செஞ்ச வேலைதான் அவளைக் கொன்னுடுச்சு. எல்லாம் நான் செஞ்சதுதான் மச்சான்.”

வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவிடம், கிளப்காரர்களிடம், உங்கள் ஆட்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அழுகையில்கூட நாலு பேர் பார்க்கவேண்டும் அவனுக்கு. வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சை உரித்து அவன் வாயில் ஊட்டிவிட்டு வந்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆடவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நேற்றைக்கு உங்கள் ஏட்டு கடைக்கு வந்தார். இறந்தவளின் அண்ணன் என்ற முறையில் விவரம் சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். வயரிங் முழுக்க அவன் செய்தது என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டானாம். வேலை என்னவோ பிரமாதமான வேலை, தேர்ந்த கை என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். ஃபியூஸுக்குப் பதில் கம்பி, அப்புறம் ரப்பர் வளையம் போட மறந்தது, இந்த இரண்டு இடத்தில்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பி அவனுடையது, அதை அவன் வைத்துக்கொள்ளட்டும். மற்றதெல்லாம் என்னுடையது. எரியாமல் மிஞ்சின வயரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், முடிச்சைக் காட்டுகிறேன். இதே மாதிரி ஒன்றை அவனைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள், ஜென்மத்துக்கும் வராது. வளையத்தை மறந்தது என்று எழுதியதை முதலில் அடியுங்கள். என் வேலையில் மறதி என்பதே கிடையாது.

வேறு என்ன கேட்டீர்கள். அன்றைக்கு அவளும் கூடப் போகிறாள் என்று தெரியுமா என்றுதானே. தெரியும். காலையில் கிளம்பும்போது அவளே போன் செய்தாள். அந்தச் சரிவில்தான் இறங்கப்போகிறோம் அண்ணா, நான்தான் முன்னால் நடந்து வழி காட்டப்போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். கேட்டால், என் கை பட்ட வயரிங் சரியில்லை என்று என் வாயால் சொல்லவேண்டியிருக்கும். அதுவும் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவன் என்று சொன்னவளிடம். பனியாக இருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ என்று சொன்னேன். போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள், நானே போய் அடையாளம் காட்டினேன். அண்ணன் என்ற முறையில் அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை, ஐயா.